சித்தூர் தேர்ந்தெடுத்த விவசாயி

திருப்பதி யாத்திரை செல்லும் நம் அங்கத்தினர்களில் பலர், போகும்போதோ திரும்பும்போதோ காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரையும் தரிசித்து வருவது வழக்கம். சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில், பாகுதா நதிக்கரையில் இருக்கிறது அந்தக் கோயில். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழும்பியது என்பார்கள். கிணற்றுக்குள் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் விநாயகர் நாளுக்கு நாள் வளர்கிறார் என்பதும், அவர் முன் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள் என்பதும் அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்த ஊரின் பெயர் நிலத்தையும் நீரையும் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தலபுராணம் சொல்லும் கதை இதுதான். மூன்று சகோதரர்கள் இருந்தனர். ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்குக் காது கேளாது. ஒருவருக்குப் பேச்சு வராது. மூவருக்கும் சேர்த்து ஒரு சிறு துண்டு நிலமும் ஒரு கிணறும்தான் சொத்து. ஏற்றம் போட்டு நீர் இறைத்துப் பயிர் செய்து வந்தார்கள். கிணறு வற்றியது. ஆழப்படுத்த வெட்டியபோது கல்லில் கடப்பாறை பட்டு ரத்தம் பெருகியது. மூவரின் ஊனமும் நீங்கியது. ஊர் மக்கள் கூடி உடைத்த தேங்காய்களின் இளநீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததாம். அதனால் 'காணி', நீர் பாய்ந்ததால் 'பாரகம்', இரண்டும் சேர்ந்து காணிப்பாக்கம் ஆயிற்று என்பர்.

காணி என்பது நம் பழைய நில அளவு. 24 மனை ஒரு காணி. மனைக்கு 2400 சதுர அடி. ஆக ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஆனால் அந்தச் சொல்லுக்கு அளவைவிடப் பெரிய பொருள் ஒன்று உண்டு. நம் கல்வெட்டுகளிலும் பழைய ஆவணங்களிலும் 'காணி', 'காணியாட்சி' என்றால் பரம்பரையாக வரும் நில உரிமை. நிலத்தின் பரப்புக்கும் நிலத்தின் உரிமைக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள் நம் முன்னோர்.

இந்த உரிமைக்காகவே வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒரு விவசாயியை, காணிப்பாக்கத்தின் அண்டையிலிருக்கும் சித்தூர் ஒரு காலத்தில் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஐந்து ஆண்டுக்கும் குறைவான காலம்தான் அவர் சித்தூரின் பிரதிநிதி. அவர் பெயர் என்.ஜி. ரங்கா. 'ஆசார்ய ரங்கா' என்று ஆந்திர மக்கள் அழைப்பார்கள். இன்றைய தலைமுறைக்கு அவரைத் தெரியாது. நம் சங்கத்து மூத்த அன்பர்களிலும் சிலருக்கு, 'ராஜாஜியோடு சுதந்திராக் கட்சியில் இருந்தவர்' என்ற அளவில்தான் நினைவிருக்கும்.

தொகுதி காலியான கதை

சித்தூர் தொகுதிக்கு 1957-லும் 1962 பொதுத்தேர்தலிலும் வென்றவர் ஸ்ரீ எம். அனந்தசயனம் ஐயங்கார். திருச்சானூரில் 1891-ல் பிறந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து, சித்தூரில் வக்கீலாகப் பல ஆண்டுகள் தொழில் நடத்தியவர். மவலங்கர் காலமானபின் 1956 மார்ச்சில் மக்களவையின் சபாநாயகர் ஆனார். 1962 மே மாதம் அவர் பீகார் கவர்னராக நியமிக்கப்பட்டதால் தொகுதி காலியாயிற்று.

அதே 1962 பொதுத்தேர்தலில் தன் சொந்தச் சீமையான தெனாலியில் கம்யூனிஸ்டு வேட்பாளரிடம் தோற்றிருந்தார் ரங்கா. அப்போது அவர் அகில இந்திய சுதந்திராக் கட்சியின் தலைவர். கட்சி மக்களவையில் 18 இடங்களைப் பிடித்திருக்க, கட்சித் தலைவரே அவைக்கு வெளியே நின்றார். சித்தூர் இடைத்தேர்தலில் போட்டியிட்டார், வென்றார். தேசமெங்கும் நேருவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது. முன்னாள் சபாநாயகரின் தொகுதியில் ஆளும் கட்சியைத் தோற்கடித்தது சாதாரண விஷயமல்ல.

சித்தூர் மக்கள் இவரை ஏன் ஏற்றார்கள்? அந்த வட்டாரத்து விவசாயத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும். பெரிய அணைக்கட்டுகளோ கால்வாய்களோ கிருஷ்ணா டெல்டாவில் போல அங்கே கிடையாது. ஏரியும் கிணறும்தான். கரும்பு, வேர்க்கடலை, நெல், மாந்தோப்பு எதுவானாலும், குடும்பமே கடன்பட்டுக் கிணறு வெட்டி, வற்றினால் மேலும் வெட்டி, சொந்த உழைப்பில் உண்டாக்கியது. அப்படிப்பட்டவனிடம், 'உன் நிலத்தையும் என் நிலத்தையும் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடுவோம்' என்று சொன்னால் அவன் முதலில் கேட்பது, 'என் கிணறு யாருக்கு?' என்பதாகத்தான் இருக்கும். ரங்காவின் அரசியலும் ஏறத்தாழ அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

நிடுப்ரோலுவிலிருந்து ஆக்ஸ்போர்டு

குண்டூர் மாவட்டம் நிடுப்ரோலு கிராமத்தில் 1900 நவம்பர் 7-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோகினேனி ரங்கநாயகுலு. குண்டூரில் படித்தபின் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் 1926-ல் பி.லிட். பட்டம் பெற்றார். திரும்பி வந்து பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். ஐயங்கார் படித்த கல்லூரியில் ரங்கா பாடம் சொன்னார் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

ஆக்ஸ்போர்டு பட்டம் பெற்ற அந்நாளைய இளைஞர்கள் பெரிய உத்தியோகத்தை நாடுவார்கள். ரங்கா 1930-ல் காந்திஜியின் அழைப்பை ஏற்று இயக்கத்தில் குதித்தார். 1933-ல் ஜமீன் ரயத்துகளின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். நிடுப்ரோலுவில் விவசாயிகளுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1936 ஏப்ரலில் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை தோன்றியபோது சுவாமி சகஜானந்த சரஸ்வதி தலைவர், ரங்கா பொதுச்செயலாளர்.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் சுதந்திராக் கட்சியை 'ராஜாக்களின் கட்சி', 'பணக்காரர் கட்சி' என்று ஏசினார்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி போன்றவர்கள் அதில் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் தலைவர், ஜமீன்தார்களை எதிர்த்துச் சிறை சென்ற விவசாயி. ஜமீன் ஒழிய வேண்டும் என்று 1933-ல் சொன்ன அதே மனிதர்தான், ரயத்தின் நிலத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று 1959-ல் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. உழுது பயிரிடும் குடும்பத்துக்கும் அதன் நிலத்துக்கும் இடையே மூன்றாமவர் வரக்கூடாது. அந்த மூன்றாமவர் முதலில் ஜமீன்தார், பிறகு அரசாங்கம். அவ்வளவே.

நாகபுரித் தீர்மானம்

சுதந்திரத்துக்குப் பின் ரங்கா அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் ராஜ்ய சபையிலும் இருந்தார். இடையில் காங்கிரசை விட்டு விலகி 1951-ல் கிருஷிகார் லோக் கட்சியைத் தொடங்கினார். 1955 ஆந்திரத் தேர்தலை ஒட்டிக் காங்கிரசுடன் சேர்ந்தார். 1957-ல் தெனாலியிலிருந்து மக்களவைக்கு வந்தார்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மகாசபை கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையை நாட்டின் எதிர்கால விவசாய முறையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. நிலங்களை ஒன்று சேர்த்துக் கூட்டாகப் பயிரிடுவது. உரிமை பேரளவில் அவரவருக்கே இருக்கும். விளைச்சலில் பங்கு கிடைக்கும். ஏட்டில் பார்த்தால் அழகான திட்டம். ஆனால் ரஷ்யாவில் 1929-க்குப் பின் நிலங்களைக் கட்டாயமாக ஒன்று சேர்த்தபோது பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டதும், போலந்து 1956-ல் அந்த முறையைக் கைவிடத் தொடங்கியதும் கண்முன் இருந்தன. சீனாவில் 1958-ல்தான் கம்யூன்கள் தொடங்கியிருந்தன.

ரங்கா காங்கிரசை விட்டு விலகினார். 1959 ஜூன் 4-ம் தேதி சென்னையில் புதிய கட்சியின் பிறப்பு அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு வயது 80. அவரே கட்சியின் மூளை என்பது ஊரறிந்தது. ஆனால் தலைமைப் பதவியை அவர் ஏற்கவில்லை. ரங்காவைத் தலைவராக்கினார். பட்டணத்து வக்கீல்களும் தொழிலதிபர்களும் நிறைந்த ஒரு கட்சியின் தலைமையில் ஒரு விவசாயியை உட்கார வைத்த ராஜாஜியின் தீர்க்கதரிசனத்தை நாம் மெச்ச வேண்டும். ராஜாஜிக்கும் சித்தூர் புதிதல்ல. வக்கீல் தொழிலை விட்ட பிறகும், 1925-ல், கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு ஹரிஜன பக்தருக்காக அவர் வாதாட வந்தது சித்தூர் கோர்ட்டுக்குத்தான்.

சித்தூர் எம்.பி.யாக

1962 முதல் 1967 வரை மக்களவையில் சுதந்திராக் கட்சிக் குழுவின் தலைவர் ரங்கா. அந்தக் காலத்தின் மிகப் பெரிய வழக்கு அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம். அரசுப் பணியில் பல ஆண்டுகள் நில ஆவணங்களோடு பழகியவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1951-ல் முதல் திருத்தத்தின் மூலம் 31-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. 'எஸ்டேட்' எனப்படும் ஜமீன், இனாம் போன்றவற்றைச் சர்க்கார் எடுத்துக்கொண்டால், அடிப்படை உரிமை மீறல் என்று கோர்ட்டில் வாதாட முடியாது என்பது அதன் சாரம். ஜமீன்தார் வரி வசூலிக்கும் இடைத்தரகர். எனவே இது நியாயமே என்று பலரும் ஏற்றார்கள்.

ஆனால் சென்னை ராஜதானியில் பெரும்பகுதி ரயத்துவாரி. இடைத்தரகர் கிடையாது, ரயத்தின் பெயரிலேயே பட்டா, அவனே நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டுவான். தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த முறை இது. (திருமலையில் நைவேத்தியத்துக்கு 'மன்றோ கங்காளம்' வைத்தவர் என்று சொல்கிறார்களே, அதே மன்றோ.) 1961 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், காசர்கோடு பகுதி நிலங்கள் தொடர்பான வழக்கில், ரயத்துவாரி நிலம் 'எஸ்டேட்' ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1964-ல் சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டமும் செல்லாது என்றாயிற்று. உடனே அரசாங்கம் 'எஸ்டேட்' என்ற சொல்லின் பொருளையே விரித்தது. ரயத்துவாரி நிலமும் இனி எஸ்டேட். கூடவே 44 மாநிலச் சட்டங்கள் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டு, கோர்ட்டுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டன. 17-வது திருத்தம் 1964 ஜூன் 20-ல் அமலுக்கு வந்தது.

ஒரு சொல்லின் பொருள் மாறியதால், இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன விவசாயியும் ஜமீன்தாரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசையில் வந்துவிட்டார்கள். சுதந்திராக் கட்சி இதைக் கடுமையாக எதிர்த்தது. ராஜாஜி 'ஸ்வராஜ்யா'வில் எழுதிக் குவித்தார். அவையில் கட்சியை நடத்தியவர் சித்தூரின் எம்.பி. அவர்கள் தோற்றார்கள். அவையின் எண்ணிக்கை அப்படி.

முற்றிலும் தோற்றார்களா என்றால், இல்லை என்பேன். அந்தத் திருத்தத்திலேயே ஒரு வரம்பு விதி இருக்கிறது. ஒருவர் தாமே பயிரிடும் நிலம் உச்சவரம்புக்கு உட்பட்டதாக இருந்தால், சந்தை விலைக்குக் குறையாத நஷ்டஈடு கொடுக்காமல் அதைச் சர்க்கார் எடுக்க முடியாது. 31-ஏ விதியின் இரண்டாவது வரம்பாக அது இன்றும் அரசியல் சட்டத்தில் நிற்கிறது. சொத்துரிமையே அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து 1978-ன் 44-வது திருத்தத்தால் நீக்கப்பட்ட பிறகும் இது நீங்கவில்லை. விவசாயிகளிடையே அன்று எழுந்த எதிர்ப்பின் தாக்கம் இந்த வரிகளில் தெரிகிறது என்று நான் எண்ணுகிறேன். நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்து திகைக்கும் சிறு விவசாயிக்கு இது பெரிய கவசம். இது இருப்பதையே பலர் அறியார்.

மறுபக்கம்

ஒருவரைப் பாராட்டும்போது மறுபக்கத்தையும் சொல்வதுதான் நேர்மை. காணியைக் காக்க வேண்டும் என்றார் ரங்கா. காணியே இல்லாதவனுக்கு என்ன பதில்? கூலி வேலை செய்து பிழைக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களின் கேள்விக்குச் சுதந்திராக் கட்சியிடம் திருப்தியான விடை இருக்கவில்லை. இத்தனைக்கும் 1930களில் விவசாயி, கூலி இருவருக்குமான ராஜ்யம் என்று பேசியவர் ரங்கா.

நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். அக்ரஹாரத்தில் வீடு, சற்றுத் தூரத்தில் நிலம், குத்தகைக்காரர் அளக்கும் நெல் என்று வாழ்ந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று பல நகரங்களில் இந்த இதழைப் படிக்கும் நாம். 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், ஆந்திரத்தில் 1956-ன் இனாம் ஒழிப்புச் சட்டமும் நம்மவர் பலரை ஊரை விட்டுக் கிளப்பின. அந்த வருத்தம் இன்னும் பல வீடுகளில் பேச்சில் வரும். ஆனால் ரங்காவின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், அவர் காக்க நினைத்தது தானே உழைத்துப் பயிரிடுபவனின் உரிமையை. தூரத்தில் இருந்து நெல் மட்டும் வாங்கிக்கொண்டவர்களின் உரிமையை அல்ல. இதை நாம் மறந்துவிட்டு, அவரை நம் பக்கத்து வக்கீலாக மட்டும் பார்ப்பது சரியல்ல.

பிற்காலம்

1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி 44 இடங்களுடன் மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சி ஆயிற்று. ரங்கா அம்முறை ஸ்ரீகாகுளத்திலிருந்து வென்றார். சித்தூர் காங்கிரசின் என்.பி. செங்கல்ராய நாயுடுவிடம் போயிற்று. 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் அலையில் கட்சி கரைந்தது. 1972-ல் ரங்கா காங்கிரசுக்கே திரும்பினார். சந்தர்ப்பவாதம் என்று பழைய நண்பர்கள் வருந்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ராஜாஜியும் மறைந்தார். ரங்கா 1980 முதல் 1991 வரை குண்டூர் எம்.பி. 1989-ல் புதிய அவை கூடியபோது, மூத்த உறுப்பினர் என்ற முறையில் தற்காலிக சபாநாயகராக உறுப்பினர்களுக்குப் பிரமாணம் செய்துவைத்தார். 1991-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1995 ஜூனில், 94-ம் வயதில் காலமானார்.

சித்தூரில் அவர் விதைத்தது வீண் போகவில்லை. அவருடைய சீடராக அறியப்பட்ட பாடூரி ராஜகோபால நாயுடு 1977-லும் 1980-லும் சித்தூரின் எம்.பி. ஆனார். 1964-ல் தோன்றிய ஆந்திர விவசாயப் பல்கலைக்கழகத்துக்கு ரங்காவின் மறைவுக்குப் பின் அவர் பெயரையே சூட்டினார்கள். திருப்பதியில் 1961-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா விவசாயக் கல்லூரியும் அதைச் சேர்ந்ததே. ஆகவே சித்தூர், திருப்பதி வட்டாரத்து விவசாயிகளின் பிள்ளைகள் வேளாண்மைப் பட்டம் வாங்கும்போது அதில் அவர் பெயர் இருக்கிறது.

கூட்டுப் பண்ணை என்ன ஆயிற்று? நாகபுரித் தீர்மானம் ஏட்டோடு நின்றது. சீனாவிலேயே 1978-ல் அன்ஹுய் மாகாணத்து ஒரு கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கைநாட்டு வைத்து, கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். விளைச்சல் பெருகியது, சில ஆண்டுகளில் தேசமே அந்த வழிக்கு வந்தது. ரங்கா சித்தூரின் பிரதிநிதியாக நின்று சொன்னதை, அவர் எதிர்த்த கொள்கையின் தாயகத்திலேயே விவசாயிகள் நிரூபித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் கேள்வி இன்னும் முடியவில்லை. 1894-ன் பழைய நிலம் எடுப்புச் சட்டம் போய், 2013-ன் புதிய சட்டம் 2014 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. நஷ்டஈடு கூடியிருக்கிறது. ஆயினும் சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் விமான நிலையத்துக்கும் நிலம் கேட்கும்போதெல்லாம், தேசத்தின் தேவைக்கும் ஒரு குடும்பத்தின் காணிக்கும் இடையே கோடு எங்கே என்ற வழக்கு புதிதாகத் தொடங்குகிறது. அந்த வழக்கில் விவசாயியின் பக்கத்தை அறிந்தவர் அவையில் இருக்க வேண்டும். 1962-ல் சித்தூர் வாக்காளர்கள் செய்தது அதைத்தான். மொழியோ மாவட்டமோ பார்க்காமல், குண்டூர்க்காரர் ஒருவரைத் தங்கள் வழக்கைப் பேச அனுப்பினார்கள்.

நம் அங்கத்தினர்களில் இன்னும் ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் பட்டாவும் அடங்கலும் தங்கள் பெயரில் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிலத்தைப் பிறரிடம் பயிருக்கு விட்டிருந்தால், அவருக்குச் சேரவேண்டியதையும் நியாயமாகக் கொடுங்கள். ரங்கா என்ற அந்த விவசாயிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.